பங்கருக்கு மேல் ஒரு மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை என்பதை இராசசிங்கம் தமக்கென்றே செய்யப்பட்ட அவமரியாதையாக எடுத்துக்கொண்டிருந்தார். எண்பத்துமூன்று ஆவணியில் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, கோப்பாயிலிருந்த மனைவியின் சீதன வீட்டில் மூட்டையை இறக்கிய மூன்றாம் நாளே பஸ் பிடித்துக் கீரிமலைக்குப் போனார். அங்கே மலை இல்லை என்று அவருக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயது, அப்பனும் பாட்டனும் பிறந்த மண், தெரியாமல் இருக்குமா? ஆனாலும் பெயரில் மலையை வைத்திருக்கிற ஊர் எங்கேயாவது ஒரு மூலையில் கொஞ்சம் மேட்டையாவது வைத்திருக்காதா என்று ஒரு நப்பாசை. கேணியைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"என்ன, மலையைக் கண்டீங்களோ?" என்று கேட்டாள் மனைவி மார்கிரட்.

"போனனான். ஆள் வெளியிலை போயிட்டுதாம். பின்னேரம் வரட்டாம்."

மார்கிரட் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக இந்த மனிதனின் பகிடிகளோடு குடும்பம் நடத்தியவள். வாரத்தில் ஒன்றுக்குச் சிரித்தால் போதும் என்று கணக்காக வைத்திருந்தாள்.

அவர் பிறந்து வளர்ந்தது அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தகப்பன் அங்கே மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். மகன் அதே தோட்டத்தில் கண்டக்டர் ஆனார். மலையில் கண்டக்டர் என்றால் கொழுந்து பறிப்பு, கவ்வாத்து, கான் வெட்டு என்று வெளி வேலைகளையெல்லாம் மேற்பார்க்கிற உத்தியோகம். தொப்பியும் தடியுமாக அவர் வருவதை அடுத்த மலையிலிருந்தே கண்டு ஆட்கள் குனிந்துகொள்வார்கள். கோப்பாயில் கண்டக்டர் என்றதும், "எந்த பஸ்ஸிலை, அண்ணை?" என்று கேட்டார்கள். முதலில் விளக்கிப் பார்த்தார். பிறகு, "பதுளை பஸ். வளைவு கூட, சத்தி எடுக்கிற ஆக்கள் கரையிலை இருக்கவேணும்" என்று சொல்லிவிடுவார். கண்டக்டரண்ணை என்ற பெயர் அப்படியே நிலைத்தது.

அந்த மலையைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் வெங்காயம் வாடிவிடும் என்பார்கள். ஒரு ஜன்னலால் வந்து மறு ஜன்னலால் போகிற மூடுபனி. பள்ளத்தாக்கின் அந்தக் கரையில் பெய்து, நின்று, யோசித்து, பிறகு இந்தக் கரைக்கு ஏறி வருகிற மழை. அது வருகிறதைப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பை தேநீரைக் குடித்து முடிக்கலாம். இங்கே மழை ஒரு வார்த்தை சொல்லாமல் தலையில் விழுகிறது. சூரியன்கூட இங்கே உழைத்து ஏறி வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற மாதிரி முகத்தை நீட்டுகிறது. எதைப் பார்த்தாலும் ஒரே மட்டம். கண் போய் இடிபட ஒன்றுமில்லை.

கலவரத்தில் வீட்டை எரித்த கதையை மட்டும் அவர் சொல்வதில்லை. எரிக்க வந்தவர்களில் இரண்டு பேருக்கு அவரே வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் பகிடி எங்கே இருக்கிறது என்று ஏழு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார், அகப்படவில்லை. மலையில் அவருக்குக் கோபமும் இல்லை. மலை என்ன செய்யும்? அது பாட்டுக்கு நின்றது.

மார்கிரட்டுக்கு மலை என்றாலே இடது முழங்கால் நோகும். கோப்பாயில் பிறந்து, கலியாணம் முடித்து ஏறிப் போய், கம்பளிக் காலுறையும் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக முப்பத்தொரு குளிர்காலத்தைக் கழித்தவள். "உங்கடை மலையை நான் முழங்காலுக்கை வைச்சுக் கொண்டந்திருக்கிறன். ஆசையா இருந்தா இதைத் தடவிப் பாருங்கோ" என்பாள்.

தொண்ணூறு ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. குண்டு போடுகிற பொம்மர் விமானங்கள் வரத் தொடங்கின. கோப்பாயில் வீட்டுக்கு வீடு பதுங்க ஒரு பங்கர் வெட்டினார்கள். மார்கிரட்டால் ஓட முடியாது என்பதால் குசினிக் கதவிலிருந்து ஐந்தே அடியில் இடம் பார்த்தார் இராசசிங்கம். பக்கத்து வீட்டுப் பஞ்சலிங்கம் அலவாங்கோடு வந்து உதவினார். அவர் வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர், நாற்பத்தைந்து வயது, தேவைக்கு மேல் பேசாத மனிதர். நாலு அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்கு துள்ளித் திரும்பியது. அதற்கு மேல் மண்மூட்டை அடுக்கிச் சுவர் உயர்த்தி, குறுக்கே பதினொரு பனங்குற்றி போட்டு, அதற்கு மேல் மண் கொட்டினார்கள். ஊர் வழக்கப்படி மூன்றடி மண்.

"காணும், அண்ணை, இது போதும்" என்று பஞ்சலிங்கம் மண்வெட்டியைக் கழுவப் போனார்.

இராசசிங்கத்துக்குக் காணவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரிய பங்கர்கள் வெட்டி, மிஞ்சிய மண் றோட்டோரம் கிடந்தது. இராசசிங்கம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஒரு பெட்டி கேட்டு வாங்கினார். பாதுகாப்புக்கு என்றார். பிறகு இன்னொரு பெட்டி. அதுவும் பாதுகாப்புக்குத்தான். மூன்றடி ஐந்தடியானது, ஐந்தடி எட்டானது. எந்த இடத்தில் பாதுகாப்பு முடிந்தது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை, கொட்டியவர் உட்பட.

ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தார். மண் சரிந்து நின்ற விதத்தில் ஏதோ ஒன்று இருந்தது. கை ஊறியது. கொப்பளித்துத் துப்பிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். அடியிலிருந்து உச்சிவரை மூன்று கொண்டை வளைவோடு ஒரு பாதை. பாதையோரம் உடைந்த சுண்ணாம்புக் கல்லால் கட்டு. மலையில் மானாப்புல் நிற்கும். இங்கே அது இல்லையென்று, பார்க்க அதற்குச் சொந்தக்காரன் போல இருக்கிற எலுமிச்சம்புல்லைத் தேடி நட்டார். கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். மார்கிரட் குளிக்கத் தண்ணீர் கேட்டால் மட்டும் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகக் கான் வெட்டினார். முப்பத்தைந்து வருடம் அவர் வெட்டுவித்த அதே கான். தோட்டத்துக் கான் தண்ணீரை நேரே ஓடவிடாது. சரிவுக்குக் குறுக்காகப் போகும். சில அடிக்கு ஒன்றாக உள்ளே மண் தடுப்பு இருக்கும். தண்ணீர் ஒவ்வொரு தடுப்பிலும் தேங்கி, நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். அப்போதுதான் மலையின் மண் மழையோடு போகாது. வெள்ளைக்காரத் துரைகூட ஒருமுறை அவர் கானைப் பார்த்து நின்றுவிட்டுப் போனார். அதையே இப்போது முழங்கை அளவுக்குச் சின்னதாக, நூல் பிடித்து, பங்கருக்கு மேல் நாலு வரிசை வெட்டினார். நாலாவது வரிசை முடிந்தபோது ஏழு வருடத்தில் முதல் தடவையாக விசில் அடித்தார்.

ஆட்கள் சைக்கிளில் வந்து பார்த்துப் போனார்கள்.

பஞ்சலிங்கத்தின் மனைவி குணலட்சுமி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, "அண்ணை, மலையெண்டா உச்சியிலை முருகன் வேணும். ஒரு வேலாவது நடுவமோ?" என்றாள்.

"இது வேதக்காரன்ரை மலை, பிள்ளை. முருகன் வரலாம். ஞாயிற்றுக்கிழமையிலை சேர்ச்சுக்கு வரச் சம்மதமெண்டா."

பஞ்சலிங்கம் மட்டும் வானத்தையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மேலை இருந்து பாக்கிறவனுக்கு உது இயக்கப் பெடியளின்ரை காம்ப் மாதிரித் தெரியும், அண்ணை."

"தெரியாது. தன்ரை மலையூர் வந்திட்டுதெண்டு நினைச்சு வீட்டுக்குப் போயிடுவான்."

சிரித்தார்கள். அந்த வருடம் கோப்பாயில் சிரிக்கக் கிடைத்தது கொஞ்சம். ஆகையால் மலை அப்படியே நின்றது.

கார்த்திகையில் மழை பிடித்தது. பஞ்சலிங்கத்தின் பங்கர் மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து முற்றத்தில் ஓடியது. மனிதர் மூன்று தரம் அள்ளிப் போட்டார். இராசசிங்கத்தின் மலையில் ஒரு பிடி மண் அசையவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, கானுக்குள் தண்ணீர் தடுப்புத் தடுப்பாக நிரம்புவதைப் பார்த்தார். வேலிக்கு மேலால், "கான் வெட்டத் தெரியவேணும், பஞ்சலிங்கம்!" என்று கூவினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பொம்மர் வந்து சுற்றிவிட்டுப் போனது. பங்கருக்குள்ளிருந்து வெளியே வந்த மார்கிரட் குசினி வாசலில் இருந்து முழங்காலைத் தடவினாள்.

"இஞ்சாருங்கோ, நடுக் குற்றி வயிறு தள்ளிக்கொண்டு நிக்குது."

"எனக்கும்தான் தள்ளுது. வயசு போகுதெல்லே?"

"பகிடியை விடுங்கோ. என்ரை தலையிலை தண்ணி சொட்டினது."

பஞ்சலிங்கம் கைவிளக்கோடு உள்ளே இறங்கினார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. அதைச் சாரத்தில் துடைத்தார்.

"அண்ணை, மூண்டு குற்றி வளைஞ்சு போச்சு. ஒண்டு வெடிச்சிருக்கு. எங்கடை மண்ணிலை தண்ணி ஓடிப் போகுது. உங்கடையிலை ஓடயில்லை, உள்ளுக்கை இறங்குது. நீங்கள் கான் வெட்டி ஒரு மாத மழையைப் பிடிச்சு மேலை வைச்சிருக்கிறியள். பாதிக்கு மேலை இறக்கவேணும். இண்டைக்கே இறக்கினால் நல்லது."

இராசசிங்கம் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டத்தில் அந்தக் கானுக்குக் கீழே இருந்தது மலை. எவ்வளவு குடித்தாலும் தாங்குகிற மலை. இங்கே கானுக்குக் கீழே இருப்பது பதினொரு பனங்குற்றி. அதற்குக் கீழே, ஓட முடியாத ஒரு பெண். மண்ணைக் காப்பாற்றத் தெரிந்த மனுசனுக்கு இது மூளையில் படவில்லையே என்று தன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இண்டைக்கு இருட்டிப் போச்சு. நாளைக்கு விடிய இறக்கிறன்."

"நானும் வாறன்."

"வேண்டாம், பஞ்சலிங்கம். நான்தானே ஏத்தினது."

புதன் விடியும்போது தூறல். இராசசிங்கம் மண்வெட்டியோடு பின்பக்கம் வந்தார். உச்சியிலிருந்து தொடங்குவது என்று இரவே தீர்மானித்திருந்தார். ஆனால் குசினிக்குள் மார்கிரட் ஈர விறகை மூட்டியிருந்தாள். புகை மேலே எழ முடியாமல் கூரைக்குக் கீழால் வழிந்து வந்து மேட்டின் மேல் படுத்தது. எலுமிச்சம்புல் துளி தாங்கிக் குனிந்து நின்றது. கல்லுக்கட்டுகள் மறைந்தன. மூன்றாவது வளைவுக்கு மேல் பாதை புகைக்குள் போய்க் காணாமல் போனது. வேலி தெரியவில்லை, பஞ்சலிங்கம் வீடு தெரியவில்லை, எவ்வளவு உயரம் என்று சொல்ல அருகில் ஒன்றுமே இல்லை. எட்டடி மண், நாலாயிரம் அடியாக நின்றது.

மண்வெட்டிப் பிடியில் கையை ஊன்றியபடி அவர் நின்றார். காலை ஆறு மணி. ஆட்பெயர் கூப்பிடுகிற கொம்பு இப்போது ஊதும். மேல்மலைக்கு ஆட்கள் போவார்கள். அப்பா டிஸ்பென்சரிக் கதவைத் திறப்பார். சட்டை நனைந்தது தெரியவில்லை. மார்கிரட் வந்து வாசலில் நின்றதும் தெரியவில்லை.

"என்ன, வெட்டேல்லையோ?"

அவர் திடுக்கிட்டார். பத்து வயதுப் பொடியன் சீனிப் போத்தலோடு அகப்பட்ட மாதிரி இருந்தது. "மழை விடட்டுமெண்டு பாக்கிறன். ஈர மண் பாரம்."

பாரம் என்பதால்தான் இறக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மார்கிரட் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதவு நிலையைப் பிடித்தபடி மேட்டைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் அங்கே இருந்தபோது ஒரு நாளும் அவள் ஜன்னலோரம் வந்து நின்றதில்லை.

"அப்புத்தளை மாதிரித்தான் கிடக்கு" என்றாள் மெதுவாக.

அவர் மேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரி. இண்டைக்கு இருக்கட்டும். நாளைக்கு வெட்டுங்கோ. வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

பத்து மணிக்கு மழை விட்டது. வெயில் பளிச்சென்று வந்தது. சனங்கள் உடுப்புக் காயப்போட்டார்கள். பொம்மர்க்காரனும் அந்த வெயிலுக்குத்தான் காத்திருந்திருக்க வேண்டும். சத்தம் வடக்கிலிருந்து வந்தது. முதல் சுற்றுச் சுற்றும்போதே பஞ்சலிங்கம் வீட்டில் ஆட்கள் ஓடுவது கேட்டது.

இராசசிங்கம் மார்கிரட்டைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். பங்கர் வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"உள்ளுக்கை போகப் பயமாக் கிடக்கு."

இரண்டாவது சுற்று. இம்முறை தாழ்வாக வந்தது. இரும்பைக் கிழிக்கிற மாதிரிச் சத்தம்.

"நான் சொல்லுறன், மார்கிரட். ஒண்டும் செய்யாது. போம், போம்."

அவள் போனாள். படியில் இடது காலை முதலில் வைக்க மாட்டாள். வலது காலை வைத்து, சுவரைப் பிடித்து, ஒவ்வொன்றாக இறங்கினாள். அவர் பின்னால் இரண்டாவது படியில் நின்றார். குண்டு விழுந்தது. பக்கத்தில் அல்ல. அரை மைல் தள்ளி, வடலிக் காணி ஒன்றுக்குள். நிலம் ஒரு முறை தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். கூரை ஓடு இரண்டு சரிந்தது. கிணற்றடி வாளி உருண்டது.

பிறகு உள்ளே ஒரு குற்றி முறிந்தது. அடுத்தது. மண் அவசரமில்லாமல், எல்லாம் சேர்ந்து, இறங்கியது. அவருக்கு இடுப்புவரை வந்து நின்றுகொண்டது. அவருக்கு முன்னால் இருந்த வாசல் இல்லாமல் போனது.

பஞ்சலிங்கமும் இன்னும் நாலு பேரும் வந்து அள்ளினார்கள். மண்வெட்டி போட்டால் ஆளில் படும் என்று கையால் அள்ளினார்கள். தண்ணீர் குடித்த செம்மண். அள்ள அள்ள மேலிருந்து வழிந்தது. இடுப்புக்கு மேல் விடுபட்டிருந்த இராசசிங்கம் தன்னைத் தோண்ட வந்தவர்களைத் தள்ளிவிட்டு முன்னால் அள்ளினார். அவளை எடுத்தபோது உடம்பில் ஒரு காயம் இல்லை. தலைமயிரெல்லாம் எலுமிச்சம்புல் வாசம்.

வடலிக் காணியில் கட்டியிருந்த ஒரு மாடு செத்துப்போனது. குண்டின் கணக்கு அவ்வளவே. ஆனால் மறுநாள் பேப்பரில் குண்டுவீச்சில் கோப்பாய்ப் பெண் பலி என்று வந்தது. அடக்க ஆராதனையில் போதகர் வானத்திலிருந்து வருகிற தீங்கைப் பற்றிப் பேசினார். வந்தவர்கள் எல்லாரும் இராசசிங்கத்தின் கையைப் பிடித்து, "நாசமாப் போவாங்கள்" என்றார்கள்.

"குண்டில்லை. நான் ஏத்தின மண்" என்றார் இராசசிங்கம். ஒவ்வொருவருக்கும் சொன்னார். அதிர்ச்சியில் பேசுகிறார் என்று முதுகைத் தடவினார்கள். ஓரிருவருக்கு, அவர் வாயைத் திறந்ததும், பழக்கதோஷத்தில் உதடு சிரிக்கப் போய், பிறகு சட்டென்று அடங்கியது. அதை அவர் பார்த்தார். பார்த்தபின்னும் அடுத்தவருக்குச் சொன்னார்.

மூன்றாம் நாள் ஊர்ப் பொறுப்பு அதிகாரியான விதானையார் சண்முகநாதன் மரணப் படிவத்தோடு வந்தார். முன் அறையில் கதிரை போட்டு, பஞ்சலிங்கமும் குணலட்சுமியும் கூட இருந்தார்கள். பெயர், வயது, விலாசம் எழுதி முடித்து, "காரணம், விமானக் குண்டுவீச்சு" என்று வாசித்துக்கொண்டே எழுதப் போனார் விதானையார்.

"இல்லை. மண்சரிவெண்டு எழுதுங்கோ."

விதானையார் பேனையைத் தூக்கினார். "என்னையா?"

"மண்சரிவு. மலையிலை நடக்கிறது. நான் முப்பத்தைஞ்சு வருசத்திலை நாலு கண்டிருக்கிறன். லயத்து வீடுகளோடை ஆக்களை எடுத்திருக்கிறன். எனக்குத் தெரியாததில்லை. இது அதுதான். தண்ணியை மேலை தேக்கி வைச்சவன் நான். வெட்டவேணுமெண்டு பஞ்சலிங்கம் சொன்னவர். நான் வெட்டேல்லை. பாக்க வடிவா இருந்தது, அதாலை வெட்டேல்லை. அப்பிடியே எழுதுங்கோ."

"ஐயா, கோப்பாயிலை மண்சரிவெண்டு நான் எழுதி அனுப்பினா அரசாங்கக் கச்சேரியிலை சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். நான் ஏழு வருசமா ஊரைச் சிரிப்பிச்சனான்தானே."

விதானையார் பஞ்சலிங்கத்தைப் பார்த்தார். பஞ்சலிங்கம் நிலத்தைப் பார்த்தார். சுவரோரம் இருந்த குணலட்சுமிதான் பேசினாள்.

"உங்களைப் பாத்துச் சிரிச்சாப் பரவாயில்லை, அண்ணை. அக்காவைப் பாத்தெல்லோ சிரிக்கப்போகினம். யாழ்ப்பாணத்திலை மலை விழுந்து செத்த மனுசியெண்டு பேப்பரிலை போடுவாங்கள். சந்தையிலை கதைப்பாங்கள். பத்து வருசத்துக்குப் பிறகும் அக்கான்ரை பேர் ஒரு பகிடிக்கைதான் கிடக்கும். அது உங்களுக்குச் சம்மதமோ?"

இராசசிங்கம் படிவத்தைப் பார்த்தார். ஒரு பகிடி எப்படிப் பரவும் என்று இந்த ஊரில் அவரைவிட அறிந்தவர் ஒருவரும் இல்லை. முதலில் றோட்டுச் சந்தியில் சொல்வார்கள். பிறகு ஆள் மாறும், இடம் மாறும், மலை மட்டும் கொஞ்சம் உயரும். அவரே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்.

முற்றத்தில் யாரோ சைக்கிளை நிறுத்துவது கேட்டது. இன்னும் ஒருவர் கையைப் பிடிக்க வருகிறார்.

"எழுதுங்கோ" என்றார் இராசசிங்கம்.

"குண்டுவீச்செண்டோ?"

"உங்கடை விருப்பம் போலை எழுதுங்கோ."

விதானையார் எழுதினார். படிவத்தைத் திருப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தை விரலால் காட்டினார். இராசசிங்கத்தின் நகக்கண்களில் செம்மண் இன்னும் போகவில்லை. பேனை வழுக்கியது. இரண்டாம் தரம் பிடித்து வைத்தார்.

விதானையார் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். சும்மா போக மனம் வராமல் நின்றார். நல்ல மனிதர், ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினார்.

"மனசைத் தேற்றுங்கோ, ஐயா. உங்களாலை ஏலுமான பாதுகாப்பை நீங்கள் செய்துதானே வைச்சிருந்தனீங்கள். இந்த ஊரிலை அந்த அளவு மண் போட்டுப் பங்கர் கட்டினவை வேறை ஆர்?"

"ஓம்" என்றார் இராசசிங்கம்.

பஞ்சலிங்கம் எழுந்து, ஒருவர் முகத்தையும் பாராமல், வெளியே போனார்.